ஃப்ளீட் மேனேஜ்மென்ட் (பல வண்டிகளை நிர்வகிக்க உதவும்) கம்பெனிப் பங்கு வாங்கலாமா? லாரித் தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுப்பணம் · சனி, காலை 9.10

வணக்கம். கோவையில் ஐ.டி. வேலை, வயது 31. எஸ்.ஐ.பி. (மாதாமாத மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) ஐந்து வருடமாக ஓடுகிறது. நேரடியாகப் பங்கு வாங்கிய அனுபவம் கொஞ்சம்தான். போனஸில் 2 லட்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து சீட் நண்பர் மூன்று மாதமாக பிளாக்பக் (முன்பு பெயர் ஜிங்கா லாஜிஸ்டிக்ஸ்) பங்கு வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார். பிளாக்பக் ஆப் என்றால் பலருக்குத் தெரிந்திருக்கும், அதை நடத்தும் பெங்களூரு கம்பெனி. லாரி வைத்திருப்பவர்களுக்கு ஃபாஸ்டேக், டீசல் கார்டு, ஜி.பி.எஸ்., லோடு, வண்டிக் கடன் எல்லாம் ஒரே ஆப்பில். "ஒரு லாரிகூடச் சொந்தமாக வாங்காமல் லாரித் தொழிலில் சம்பாதிக்கிறார்கள்" என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஃப்ளீட் என்ற சொல்லைக் கேட்டாலே, கார் வாங்க எடுத்த கடனில் மோசடி என்று சிக்கிய ஜென்சால் கம்பெனி ஞாபகம் வருகிறது. அதுவும் வண்டிகளை வைத்து நடந்த கதைதானே? இந்த மாதிரிக் கம்பெனியை எங்கே தட்டிப் பார்த்தால் ஓட்டை தெரியும்? சார்ட் போட வேண்டாம், எனக்குப் புரியாது.

மின்னல் டிரேடர் · சனி, காலை 9.41

சார்ட் வேண்டாம் என்றால் கதையே போதும். இந்த நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்று இரண்டு வண்டிக்காரர்கள். எல்லார் கையிலும் இப்போது போன் இருக்கிறது. 2023-24இல் மட்டும் 9.63 லட்சம் லாரி உரிமையாளர்கள் அந்த ஆப்பில் பரிவர்த்தனை செய்திருக்கிறார்கள். அதாவது நாட்டில் இருப்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். இன்னும் முக்கால்வாசிப் பேர் பாக்கி. நான் 300 சொச்சத்தில் வாங்கினேன், இன்னும் விற்கவில்லை. பஸ் ஏறுகிற நேரத்தில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும்.

ஐந்தொகை ஐயா · சனி, காலை 11.05

மின்னல் தம்பி, 9.63 லட்சம் சரி. ஆனால் அது அந்த ஆண்டில் ஆப் வழியாகப் பரிவர்த்தனை செய்தவர்களின் எண்ணிக்கை. மாதா மாதம் காசு கட்டுகிறவர்களின் எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

புதுப்பணம், முதல் பங்கு வெளியீட்டு (ஐ.பி.ஓ.) ஆவணத்திலிருந்து ஆரம்பியுங்கள். 2024 நவம்பர் 13 முதல் 18 வரை வெளியீடு, விலை 259 முதல் 273. மொத்தம் 1,114.72 கோடி. அதில் கம்பெனிக்குள் போனது 550 கோடி, மீதி ஆக்செல் போன்ற பழைய முதலீட்டாளர்கள் விற்றுக்கொண்டது. அந்த 550 கோடியை எதற்கு என்று சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்: 200 கோடி விற்பனைக்கும் விளம்பரத்துக்கும், 140 கோடி தங்களுடைய ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மூலதனமாக, 75 கோடி மென்பொருள் மேம்பாட்டுக்கு, பாக்கி பொதுச் செலவுக்கு. இந்த 140 கோடியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சில்லறை முதலீட்டாளருக்கு 10 சதவீதம்தான் ஒதுக்கினார்கள். லாப வரலாறு இல்லாத கம்பெனி வெளியீட்டுக்கு வரும்போது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதியே அப்படித்தான்: முக்கால் பங்கு பெரிய நிறுவனங்களுக்கு, நமக்குப் பத்தில் ஒன்று. சின்னவன் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று போட்ட வேலி அது. நாம் லிஸ்டிங் ஆன மறுநாளே வேலியைச் சுற்றிக்கொண்டு சந்தையில் போய் வாங்குவோம், அது வேறு விஷயம். விண்ணப்பம் 1.86 மடங்குதான் வந்தது. 280.90இல் திறந்து அன்றைக்கே 273க்குக் கீழே முடிந்தது. பிறகு அதைவிட நல்ல உயரத்துக்குப் போனதால் அன்றைய தயக்கத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

2022-23இல் வருவாய் 175.68 கோடி, நஷ்டம் 290.5 கோடி. அடுத்த ஆண்டு வருவாய் 296.92 கோடி, நஷ்டம் 193.95 கோடி. 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் 28 கோடிக்கு மேல் லாபம். திசை நல்ல திசைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வருவாய் தொடர்கிற தொழில்களுக்கு மட்டும். 2015இல் ஆரம்பித்தபோது அவர்கள் செய்தது வேறு: பெரிய கம்பெனிகளிடம் லோடு எடுத்து, லாரிக்காரருக்கு வாடகை கொடுத்து, நடுவில் நின்றார்கள். அந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பதை லாரிக்காரர் யாராவது சொன்னால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பத்துச்சக்கரம் · சனி, மதியம் 1.30

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். நாமக்கல் பக்கம். அப்பா காலத்தில் இரண்டு வண்டி, இப்போது ஆறு. நாலு லோடு வண்டி, இரண்டு கேஸ் டேங்கர்.

ஐயா கேட்டதற்குப் பதில் ஒரே வரி: கம்பெனிக்காரன் பில்லுக்குப் பணம் கொடுக்க இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும், லாரிக்காரனுக்கு லோடு ஏற்றும்போதே அட்வான்ஸ் வேண்டும். நடுவில் நிற்பவன் தன் பணத்தைப் போட்டு இரண்டு பேரையும் தாங்க வேண்டும். எங்கள் ஊரில் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ்காரர்கள் பரம்பரையாக அதைச் செய்கிறார்கள் என்றால், யாருக்கு எவ்வளவு தாங்கலாம் என்று ஆளைப் பார்த்தே தெரியும். ஆப்புக்கு அது தெரியாது.

இப்போது செய்வது வேறு. அதை என் வீட்டிலிருந்து சொல்கிறேன். முன்பெல்லாம் டோலுக்கு டிரைவர் கையில் கட்டுக் கட்டாகப் பணம் கொடுத்து அனுப்புவோம். வண்டி திரும்பியதும் ரசீதுகளைத் தரையில் பரப்பி வைத்து அப்பாவும் டிரைவரும் ராத்திரி பதினோரு மணி வரை சண்டை போடுவார்கள். "முதலாளி, அந்த கேட்டில் ரசீது தரவில்லை." 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆன பிறகு அந்தச் சண்டை எங்கள் வீட்டில் நின்றது. எங்கள் பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்றுக்கு டோல் மட்டும் மாதம் 40 ஆயிரத்துக்குக் குறைவதில்லை. அந்தப் பணம் முழுக்க டேக் வழியாக ஓடுகிறது. டேக் கொடுத்த பேங்குக்கு அதில் ஒரு சின்னக் கமிஷன், அதில் ஆப்காரனுக்கு ஒரு பங்கு. ஒரு வண்டிக்குப் பார்த்தால் டீச்செலவு. லட்சக்கணக்கான வண்டிக்குப் பார்த்தால் கம்பெனி நடக்கும்.

இன்னொன்று, டேக் மெசேஜ் வந்தாலே வண்டி எந்த கேட்டைத் தாண்டியது, எத்தனை மணிக்கு என்று தெரிந்துவிடும். பாதி ஜி.பி.எஸ். வேலையை அதுவே செய்கிறது. தனியாக ஜி.பி.எஸ். பெட்டியும் வைத்திருக்கிறோம். டிரைவர் சுற்று வழியில் போக வேண்டும் என்று நினைத்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டு "டவர் இல்லை முதலாளி" என்பார். பெட்டி எச்சரிக்கை அனுப்பும். அனுப்பி என்ன, ராத்திரி இரண்டு மணிக்கு நாக்பூர் தாண்டி நிற்கும் வண்டியை நான் இங்கிருந்து என்ன செய்வது? மறுநாள் போனில் கத்தலாம். அதிகம் கத்தினால் சாவியை டாஷ்போர்டில் வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். டிரைவர் கிடைப்பது இப்போது லோடு கிடைப்பதைவிடக் கஷ்டம்.

லோடு? ஆப்பில் பார்ப்போம், ஆனால் எடுப்பது புக்கிங் ஆபீஸில். சூரத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் அங்குள்ள ஆளுக்கு ஒரு போன் போட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பி வைப்பது புக்கிங் ஆபீஸ்காரர். அந்தப் பழக்கத்துக்குத்தான் கமிஷன் கொடுக்கிறோம்.

புதுப்பணம் · சனி, மாலை 4.15

பத்துச்சக்கரம் அண்ணா, மிக்க நன்றி. இதை எந்த அனலிஸ்ட் ரிப்போர்ட்டிலும் படிக்கவில்லை. ஒரு கேள்வி. வேறு ஆப்காரன் வந்து கேஷ்பேக் கொடுத்தால் மாறிவிடுவீர்களா?

பத்துச்சக்கரம் · சனி, மாலை 5.02

ஜி.பி.எஸ்.ஸுக்கு மாறுவோம். ஏற்கெனவே இரண்டு முறை மாறியாகிவிட்டது. ஃபாஸ்டேக் மாற்றுவது தலைவலி. ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான் என்று 2024இல் கண்டிப்பாக்கிவிட்டார்கள். பழையதை மூடி, ஆர்.சி. போட்டோ அனுப்பி, புதியது வேலை செய்வதற்குள் வண்டி கேட்டில் நின்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஓடுகிற வண்டியில் யாரும் அந்த வம்புக்குப் போக மாட்டார்கள். மாறியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் மாறுவார்கள். 2024 மார்ச் 15க்குப் பிறகு பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் டேக்கில் பணம் போட முடியாது என்று ரிசர்வ் பேங்க் சொன்னபோது வந்தது அப்படி ஒரு நிலை. அந்த வாரம் எங்கள் ஊரில் டேக் விற்ற பையன்களுக்குத் தீபாவளி.

மதுரைக்காரி · சனி, இரவு 8.20

வண்டி கண்காணிப்பு மென்பொருள் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் ஜி.பி.எஸ். பக்கம் மட்டும் சொல்கிறேன்.

பெட்டியில் பெரிய லாபம் கிடையாது. பெட்டி, சிம், வண்டி நிற்கிற இடத்துக்கே போய் மாட்டித் தரும் ஆளின் கூலி, விற்றவனுக்குக் கமிஷன் எல்லாம் போனால் முதல் வருடக் கட்டணம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். இரண்டாவது வருட ரினியூவலில்தான் காசு. அதனால் "இத்தனை லட்சம் கருவிகள் பொருத்தியுள்ளோம்" என்ற வரியைப் படித்து மயங்க வேண்டாம். நான் இருந்த இடத்தில் (பேர் வேண்டாம்) ஒவ்வொரு மார்ச்சிலும் இதற்கு ஒரு கூத்து நடக்கும். காலாவதியாகி ஆறு மாதமான கருவிகளையும் "சலுகை நீட்டிப்பு" என்று இலவசமாக ஓடவிட்டு வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஏப்ரல் வந்ததும் மொத்தமாக அணைந்துவிடும். முதலீட்டாளர் கூட்டத்துக்கு அந்த மார்ச் எண்தான் போகும்.

சின்ன லாரிக்காரரிடம் ரினியூவல் வாங்குவது அவ்வளவு லேசில்லை. வண்டியை விற்றிருப்பார், அல்லது எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நின்றிருக்கும், அல்லது "போன வருடம் உங்கள் பெட்டியால் எனக்கு என்ன லாபம், சொல்லுங்கள்" என்பார். கடைசிக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இருந்ததில்லை. டேங்கர் வேறு ரகம். ஆயில் கம்பெனியே கண்காணிப்புக் கருவி இல்லாமல் லோடு தராது. அங்கே ரினியூவல் தானாக வரும், கேட்கவே வேண்டாம். பெரிய ஃப்ளீட்காரர்களும் அப்படித்தான், ஆனால் விலையைப் பிழிந்து எடுத்துவிடுவார்கள்.

ஆகவே காலாண்டு முடிவில் நான் தேடுவது, மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரே ஆள் இரண்டு மூன்று சேவை வாங்குகிறாரா என்பது. டேக் மட்டும் வைத்திருப்பவர் வேறு. டேக், ஜி.பி.எஸ்., டீசல் மூன்றும் வைத்திருப்பவர் வேறு. மூன்றும் இருப்பவரை லேசில் கிளப்ப முடியாது.

ஓ.எம்.ஆர். வண்டி · ஞாயிறு, காலை 7.45

லாரியை விட்டு காருக்கு வருகிறேன். சென்னையில் ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டி அட்டாச் பண்ணி ஓட்டுகிறேன், எட்டு கார், எல்லாம் டியூவில்.

கார் ஃப்ளீட் கம்பெனி என்றால் லிஸ்ட் ஆகி இருப்பதில் ஒன்று டெல்லியின் ஈகோஸ் மொபிலிட்டி. 2024 ஆகஸ்ட் கடைசியில் வெளியீடு வந்தது, 334 ரூபாய், 601.20 கோடி. முழுக்கப் பழைய பங்குதாரர் விற்றது, கம்பெனிக்குள் ஒரு ரூபாய் போகவில்லை. 390இல் திறந்தது. கம்பெனி அப்போதே லாபத்தில் இருந்தது: 2023-24இல் 554 கோடி வருவாய், 62 கோடி லாபம். கம்பெனிகளுக்கும் விருந்தினர்களுக்கும் டிரைவரோடு கார் தரும் தொழில். வண்டிகளில் பெரும்பகுதி என்னைப் போன்ற வெண்டார்களுடையது.

நான் அவர்களுக்கு ஓட்டியதில்லை, நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். ஆனால் இந்த "வண்டி இல்லாத வண்டித் தொழில்" என்ற பேச்சைக் கேட்கும்போது மட்டும் சிரிப்பு வருகிறது. வண்டி இல்லாமல் எப்படி? வண்டி இருக்கிறது, டியூ என் தலையில் இருக்கிறது, அவ்வளவுதான். நான் முன்பு ஓட்டிய ஒரு இடத்தில் 45 நாளில் பணம் என்று கையெழுத்துப் போட்டு 110 நாள் இழுத்தார்கள். அந்த நான்கு மாதமும் அவர்கள் கணக்கில் பணப்புழக்கம் பிரமாதமாக இருந்திருக்கும். என் வீட்டில் வளையல் அடகில் இருந்தது. ஆகவே பங்கு வாங்குபவர்கள் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) "வெண்டார்களுக்குத் தர வேண்டியது" என்ற வரியையும் பாருங்கள். வருவாயைவிட அது வேகமாக வளர்ந்தால் என்னைப் போல எவனோ ஒருவன் தாங்கிக்கொண்டிருக்கிறான். ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விடுவான்.

நெறியாளர் · ஞாயிறு, காலை 9.00

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். டார்கெட் விலை, டெலிகிராம் லிங்க் இரண்டும் இங்கே கூடாது. தொடருங்கள்.

மின்னல் டிரேடர் · ஞாயிறு, காலை 9.20

அதில் ஒன்று என்னுடையது. சரி. ஆனால் ஜென்சாலைக் காட்டியே எல்லா ஃப்ளீட் பங்கையும் பயமுறுத்துவது நியாயமில்லை. அது தனிப்பட்ட மோசடி. ஆடிட்டர் கண்டுபிடிக்கவில்லை, ரேட்டிங் ஏஜென்சி கண்டுபிடிக்கவில்லை, நீங்களும் நானும் கண்டுபிடித்திருப்போமா?

ஐந்தொகை ஐயா · ஞாயிறு, காலை 10.50

தம்பி, நல்ல கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். எல்லாம் 2025 ஏப்ரல் 15 தேதியிட்ட செபி இடைக்கால உத்தரவில் இருப்பது.

ஜென்சால் இன்ஜினியரிங் சோலார் வேலை செய்த அகமதாபாத் கம்பெனி. மின்சாரக் கார்களை வாங்கி, புளூஸ்மார்ட் என்ற டாக்ஸி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டது. இரண்டுக்கும் பின்னால் ஜக்கி சகோதரர்களே. அதாவது வண்டியைக் கொடுப்பவரும் அவர்களே, எடுப்பவரும் அவர்களே. ஐ.ஆர்.இ.டி.ஏ., பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் என்ற இரண்டு அரசு நிறுவனங்களிடம் 977.75 கோடி கடன். அதில் 663.89 கோடி 6,400 கார்கள் வாங்குவதற்காக. கம்பெனி தன் பங்காக 20 சதவீதம் போட வேண்டும், ஆக மொத்தம் சுமார் 830 கோடிக்குக் கார் வந்திருக்க வேண்டும். வந்தது 4,704 கார், 567.73 கோடிக்கு. பாக்கி 262.13 கோடிக்குக் கணக்கில்லை. கார் வாங்கப் போன பணம் கைமாறிக் கைமாறி குருகிராமில் ஒரு சொகுசுக் குடியிருப்பு வாங்கவும், 26 லட்ச ரூபாய்க்கு கோல்ஃப் மட்டைகள் வாங்கவும் போனதாக உத்தரவு சொல்கிறது. கடன் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்ட, கடன் கொடுத்தவர்கள் பெயரிலேயே கடிதம் தயாரித்து ரேட்டிங் ஏஜென்சிகளிடம் கொடுத்திருக்கிறார்கள். மார்ச் முதல் வாரத்தில் கேர், இக்ரா இரண்டும் ரேட்டிங்கை டி-க்கு (கடன் தவறியது என்ற தரத்துக்கு) இறக்கின. உத்தரவு வந்த அதே வாரத்தில் புளூஸ்மார்ட் புக்கிங்கை நிறுத்தியது. ஜூனில் திவால் நடவடிக்கை. 2024 ஜூனில் 1,100ஐத் தாண்டி நின்ற பங்கு, உத்தரவு நாளில் 130 அருகே.

இதில் கோல்ஃப் மட்டை யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று விஷயம் வெளியிலேயே கிடந்தது. குத்தகைக்கு எடுப்பவர் முதலாளியின் இன்னொரு கம்பெனி. வண்டிகள் பெரும்பாலும் கடனில். மூன்றாவது, முதலாளிகளின் பங்கு 2019-20இல் 70.72 சதவீதம், அது 35 சதவீதம் பக்கம் இறங்கியது. அதே காலத்தில் பொதுப் பங்குதாரர்கள் 155 பேரிலிருந்து 1,09,872 பேர். அவர்கள் இறங்க இறங்க நாம் ஏறியிருக்கிறோம். இது காலாண்டுக்கு ஒருமுறை எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் இலவசமாக வரும் தாள், தம்பி.

கேட்டால் சிரிப்பீர்கள், புணேக்குப் பக்கத்தில் சாகனில் கார் தொழிற்சாலை என்றார்கள். ஜனவரியில் 30,000 கார்களுக்கு முன்பதிவு என்று அறிவிப்பு வேறு. ஏப்ரல் 9ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையின் அதிகாரி போய்ப் பார்த்தால் உற்பத்தியே இல்லை, இரண்டு மூன்று கூலியாட்கள் நின்றிருந்தார்கள்.

பத்துச்சக்கரம் · ஞாயிறு, மதியம் 12.15

ஐயா, எங்கள் ஊரில் ஒருவன் பத்து வண்டி இருக்கிறது என்று பெண் கேட்டு வந்தால் பெண்ணின் தாய்மாமன் ஷெட்டுக்குப் போய் ஆர்.சி. யார் பேரில், ஹைப்பாத்திகேஷன் (கடனுக்கு அடமானம்) எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றுவார். 977 கோடி கொடுத்தவர்கள் காரை எண்ணவில்லையா?

மின்னல் டிரேடர் · ஞாயிறு, மதியம் 12.40

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளாக்பக்கில் அந்தக் கதை இல்லையே. வண்டி லாரிக்காரர் பேரில், கடனும் அவர் பேரில். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு அடிபட்டுப் போகிறது.

ஐந்தொகை ஐயா · ஞாயிறு, மதியம் 2.30

அடிபடவில்லை, மெல்ல உள்ளே வருகிறது. அந்த 140 கோடி ஞாபகம் இருக்கிறதா? சொந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மூலதனம். லாரிக்கடன் கொடுப்பதற்கு. மற்ற ஃபைனான்ஸ்காரர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும்வரை அது ஆப் தொழில். தன் கணக்கிலேயே கடன் கொடுத்தால் வண்டியின் மேல் இவர்கள் பணமும் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் அது வட்டித் தொழில். டேக் கமிஷன் வருமானத்தைப் போல எத்தனை மடங்கு விலையைச் சந்தை தருகிறதோ, அதையே வட்டி வருமானத்துக்கும் தரச் சொல்வார்கள். நான் தர மாட்டேன்.

பத்துச்சக்கரம் · ஞாயிறு, மாலை 3.45

இங்கே ஐயாவோடு கொஞ்சம் முரண்படுகிறேன். லாரித் தொழிலில் நிலைத்துச் சம்பாதித்தவர்கள் லாரிக்காரர்களைவிட ஃபைனான்ஸ்காரர்கள்தான். சென்னையில் 1974இல் சீட்டுக் கம்பெனியாக ஆரம்பித்த ஸ்ரீராம் குழுமம், பேங்க் வாசலில் நிற்கவிடாத பழைய லாரிக்காரனுக்கு 1979 முதல் கடன் கொடுத்துத்தானே அவ்வளவு பெரிதானது? அவர்கள் பேலன்ஸ் ஷீட் பார்த்துக் கொடுக்கவில்லை. ஆள் நேரில் வந்து, வண்டியைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, எந்த ரூட்டில் ஓடுகிறான் என்று விசாரித்துக் கொடுத்தார்கள்.

இந்த ஆப்காரனுக்கு நான் மாதம் எத்தனை டோல் தாண்டுகிறேன், எத்தனை லிட்டர் டீசல் போடுகிறேன், எத்தனை நாள் வண்டி சும்மா நின்றது எல்லாம் தெரியும். என் மனைவிக்குக்கூட அவ்வளவு தெரியாது. வண்டி நிற்க ஆரம்பித்தால் டியூ தவறுவதற்கு இருபது நாள் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் ஒன்று. தெரிந்து என்ன செய்வான்? வசூல் என்பது ஆளை அனுப்புகிற வேலை. டியூ இரண்டு தவறினால் ஸ்ரீராம்காரர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார், காபி கூடக் குடிப்பார். ஆப் திண்ணையில் உட்காருமா? இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் புது லாரிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆகிவிட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி மதிப்பும் இறங்கும். என் 2019 மாடலுக்குப் போன மாதம் கேட்ட விலையை இந்த மாதம் கேட்க மாட்டேன் என்கிறார்கள். பழைய வண்டியை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். இதை எந்தக் கம்பெனி அறிக்கையில் எப்படிக் காட்டுவார்கள் என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

மதுரைக்காரி · ஞாயிறு, மாலை 5.10

அண்ணே, அந்தத் திண்ணை வாதம் சரி, ஆனால் அவர்களிடமும் ஊர் ஊராக ஆட்கள் இருக்கிறார்கள், வெறும் ஆப் மட்டும் கிடையாது. டேக் ஒட்டுவதே ஆள் போய்ச் செய்கிற வேலைதானே. விற்கத் தெரிந்த அந்தப் பையனுக்கு வசூலிக்கத் தெரியுமா என்பதுதான் சந்தேகம். எங்கள் பழைய ஆபீஸில் தெரியவில்லை.

புதுப்பணம், ஒரு சின்னத் திருத்தம், நீங்கள் தனிச் செய்தியில் கேட்டதற்கு: 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான 200 பயண ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் சொந்தக் கார்களுக்கு மட்டும். லாரிக்குக் கிடையாது. அதனால் டோல் கமிஷன் போய்விடும் என்று உங்கள் நண்பர் சொல்வது தவறு. தடுப்பே இல்லாத சுங்கவசூல் முறை பரவலாக வந்து, கமிஷன் அமைப்பையே மாற்றினால் மட்டும் கவலைப்படலாம். கமிஷன் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது ஆப் நடத்துகிறவர்கள் இல்லை, மேலே இருப்பவர்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

புதுப்பணம் · ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. மத்தியானம் சாப்பிட்ட பிறகு சும்மா இருக்க முடியாமல் பைக்கை எடுத்துக்கொண்டு லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பதினொரு டிரைவர்களிடம் கேட்டேன். ஒன்பது பேருக்கு ஆப் தெரியும். ஆறு பேர் வண்டியில் டேக் அதுதான். ஆப்பில் லோடு எடுத்தீர்களா என்றதும் ஒரு பெரியவர், "தம்பி எந்த பேங்க்?" என்றார். நான் கடன் வசூலுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். அவர் டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

இப்போதைக்கு வாங்கவில்லை. அடுத்த நான்கு காலாண்டுக்கு கடன் புத்தகம் (கொடுத்த மொத்தக் கடன்) எவ்வளவு வளர்கிறது, அதில் எவ்வளவு தன் கணக்கில், வாராக்கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரப் போகிறேன்.

மின்னல் டிரேடர் · ஞாயிறு, இரவு 9.44

நான்கு காலாண்டுக்குள் அது இரட்டிப்பானால் இந்த இழையில் வந்து அழக் கூடாது.

ஐந்தொகை ஐயா · ஞாயிறு, இரவு 10.15

பாதியானால் நீங்கள் வந்து அழலாம், தம்பி. தடையில்லை.

பத்துச்சக்கரம் · திங்கள், காலை 6.20

புதுப்பணம், டிரைவரிடம் கேட்டது தப்பில்லை, ஆனால் ரினியூவல் கட்டுவது டிரைவர் இல்லை, முதலாளி. ஒருநாள் லீவு போட்டுவிட்டு சங்ககிரி வாருங்கள். மூன்று புக்கிங் ஆபீஸில் உங்களை உட்கார வைக்கிறேன். ஒன்று எங்கள் மாமாவுடையது. பேங்க் ஆள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுப்பணம் · திங்கள், காலை 7.05

வியாழக்கிழமை வருகிறேன் அண்ணா. சட்டையை இன் பண்ணாமல் வருகிறேன்.